முனையும் தண்டும்: ஆம்பூர் வட்டார நடுகல் அம்புகளை அலுமினிய அம்பின் எடைச்சீரமைப்பு வழி அணுகுதல்

ஆய்வுச்சுருக்கம்

வேலூர், ஆம்பூர், செங்கம் வட்டார நடுகற்களில் அம்பின் தண்டு காணப்படுகிறது. உடலில் தைத்த முனை காணப்படுவதில்லை. அதே நிலப்பரப்பின் அகழாய்வுகளில் இரும்பு முனை கிடைக்கிறது. மூங்கிலாலும் நாணலாலும் ஆன தண்டு மட்கிவிடுகிறது. இவ்விரு சான்றுகளையும் இணைக்கும் வழியாக முனையின் எடைக்கும் தண்டின் விறைப்புக்கும் உள்ள உறவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவ்வுறவைத் தெளிவாக அளக்க இடந்தந்தது 20-ஆம் நூற்றாண்டின் அலுமினிய அம்பு. மரபுவில்லுக்கு முனை எடையைக் கூட்டி அலுமினிய அம்பைச் சீரமைக்கும் முறையிலிருந்து பெறப்படும் அளவுகள், இரும்பு அம்புமுனைகளை வடிவத்தால் மட்டுமன்றி எடையாலும் வகைப்படுத்த வேண்டிய தேவையைக் காட்டுகின்றன.

திறவுச்சொற்கள்: நடுகல், தொறு, அம்புமுனை, தண்டின் விறைப்பு, முன்பாரம், அலுமினிய அம்பு, ஆம்பூர், பையம்பள்ளி

முன்னுரை

பழைய வடஆர்க்காடு மாவட்டம் தமிழகத்தில் நடுகற்கள் செறிந்த நிலப்பகுதிகளுள் ஒன்று. 1989-இல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2019-இல் வேலூர் மாவட்டம் மீண்டும் பிரிக்கப்பட்டபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் சென்றது. நிர்வாக எல்லைகள் எவ்வாறு மாறினும் பாலாற்றுக்கும் சவ்வாது மலைக்கும் இடைப்பட்ட இந்நிலம் வரலாற்று நோக்கில் ஒரே வட்டாரம்தான். இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' (1972) வெளிவந்த பின்னர் இவ்வட்டார நடுகற்கள் எழுத்தமைதி, ஆட்சியாண்டு, நாட்டுப்பிரிவு, குடிப்பெயர் ஆகிய கோணங்களில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயினும் அக்கற்களில் வீரன் ஏந்தியுள்ள படைக்கருவி, பெரும்பாலும் 'இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள்' என்ற ஒற்றை வரி விளக்கத்தோடு கடந்து செல்லப்படுகிறது. வில் எத்தகையது, அதிலிருந்து புறப்பட்ட அம்பு எவ்வளவு கனமானது, அந்த அம்பு எவ்வளவு தொலைவில் உயிர்க்கொல்லியாக இருந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது.

எழுப்பப்படாமைக்குக் காரணம் உண்டு. சிற்பம் அளவுகோலன்று. கல்லின் அகலத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் வில் சுருங்குகிறது. வீரனின் உயரத்தோடு வில்லை ஒப்பிட்டு அதன் உண்மை நீளத்தைக் கணிப்பது பிழையிலேயே முடியும். எனவே படைக்கருவியைப் பற்றி அறிய வேறு வாயில் தேவைப்படுகிறது.

ஆம்பூர்க் கற்கள்

இன்று தோல் பதனிடுதலுக்கும் காலணித் தொழிலுக்கும் அறியப்பட்ட ஆம்பூர், 9-ஆம் நூற்றாண்டில் படுவூர்க் கோட்டத்தைச் சேர்ந்த ஆமையூர். அங்குள்ள இரண்டு நடுகற்களின் கல்வெட்டுகளை ஊல்ச் 'எபிகிராபியா இண்டிகா' நான்காம் தொகுதியில் வெளியிட்டார். இரண்டும் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நுளம்பன் படை ஆமையூர்மேல் வந்தபோது தொறு மீட்கும் பூசலில் பட்ட வீரர்களுக்காக அவை எடுக்கப்பட்டன. 'தொறு' என்னும் சொல் ஆநிரையைக் குறிக்கும். தொல்காப்பியம் வெட்சித் திணையுள் அடக்கிக் கூறும் நிரைகோடலும் நிரைமீட்டலும், நூற்றாண்டுகள் கடந்து பல்லவர் கால எல்லைப்பூசலிலும் அதே வடிவில் தொடர்வதை இக்கற்கள் உணர்த்துகின்றன.

இங்குக் கருதத்தக்கது பூசலின் இயல்பு. நிரை கவர்வோர் மாடுகளை ஓட்டிக்கொண்டு செல்கின்றனர், மீட்போர் பின்தொடர்கின்றனர். புதர்க்காடும் கற்குன்றுகளும் நிறைந்த நிலத்தில் பார்வைக்கு எட்டும் தொலைவே குறைவு. படையணிகள் எதிரெதிரே நின்று வானை மறைக்கும்படி அம்பு தொடுக்கும் காவியப் போருக்கு இதில் இடமில்லை. வில்லும் குறுவாளும் ஒரே வீரனின் இரு கைகளில் சேர்ந்து காட்டப்படுவது வெறும் சிற்ப மரபாக இருக்கலாம். ஆனால் சில அம்புகளை எய்த பின் கைகலக்கும் அண்மைப் போரோடு அது முரண்படவில்லை என்பதும் உண்மை. அத்தகைய போரில் அம்பு நெடுந்தொலைவு செல்வதைவிட, அண்மையில் ஆழமாகத் தைப்பதே பயன். இக்கருத்து அம்பின் முனை எடை பற்றிய வினாவுக்கு இட்டுச் செல்கிறது.

நடுகற்கள் சிலவற்றில் வீரனின் உடலில் அம்புகள் தைத்திருப்பதைச் சிற்பி காட்டியுள்ளான். அங்குத் தண்டு மட்டுமே புலப்படும். முனை உடலுக்குள் மறைந்துள்ளது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களில் உருவமே இல்லை என்பதால், அம்பைக் கல்லில் காண்பதற்குப் பல்லவர் காலம்வரை காத்திருக்க வேண்டியுள்ளது.

முனை மட்டும் எஞ்சிய சான்று

திருப்பத்தூருக்கு அருகிலுள்ள பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964-65, 1967-68 ஆண்டுகளில் நிகழ்த்திய அகழாய்வு, புதிய கற்கால வாழ்விடத்தின்மேல் இரும்புக்கால அடுக்கு அமைந்திருப்பதை வெளிப்படுத்தியது. அண்டையிலுள்ள கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையின் இரும்புக்காலம் கி.மு. 2172 என்னும் கதிரியக்கக் கரிமக் கணிப்பால் 2022-இல் பெரும் கவனம் பெற்றது. ஆதிச்சநல்லூர் முதலாகத் தென்னகப் பெருங்கற்காலச் சின்னங்களில் இரும்பு அம்புமுனைகள் கிடைத்து வருகின்றன. இவை இலைவடிவம், முக்கோணவடிவம், முள்ளுடையது, காம்புடையது, குழலுடையது என வடிவத்தாலேயே பெரிதும் வகைப்படுத்தப்படுகின்றன. நீளமும் அகலமும் குறிக்கப்படும். எடை அரிதாகவே பேசுபொருளாகிறது. துரு ஏறிய இரும்பின் எடை அதன் மூல எடையன்று என்ற தயக்கம் இதற்குப் பின்னால் இருக்கலாம். அத்தயக்கம் நியாயமானதே. எனினும் அதனாலேயே எடையைக் கைவிடுவது, அம்பின் இயக்கத்தைத் தீர்மானிக்கும் முதன்மைக் கூற்றைக் கைவிடுவதாகும்.

இவ்வாறு கல்லில் தண்டு உண்டு, முனை இல்லை. மண்ணில் முனை உண்டு, தண்டு இல்லை. வில்லாளனின் முன்கையைக் காத்த கோதை, விரலைக் காத்த புட்டில் ஆகிய தோற்கருவிகளும் எஞ்சவில்லை. தோலுக்கே பெயர்பெற்ற ஒரு வட்டாரத்தில் வில்லாளனின் தோல் ஒரு துண்டும் கிடைக்காமை வரலாற்றின் விளையாட்டுப் போலும்.

அலுமினியத் தண்டு தந்த தெளிவு

வில்லின் நாணில் பூட்டிய அம்பு, பிடியின் ஒரு பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. நாண் பிடியின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அம்பு பிடிக்குள் புகுந்து செல்ல இயலாது. ஆயினும் அம்பு இலக்கை அடைகிறது. இதற்கு 'வில்லாளர் முரண்' என்னும் பொருளில் 1913-இல் பெயரிட்டவர் இ. ஜே. இரெண்ட்டார்ஃபு. 1930-களில் கிளாரன்சு இக்மன் அதிவேக ஒளிப்படங்களின் துணைகொண்டு இதை ஆராய்ந்தார். விடுபட்ட கணத்தில் தண்டு வளைந்து, பிடியைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, பின் அதிர்வு தணிந்து நேராகிறது. ஆகவே தண்டு குறிப்பிட்ட அளவே வளைய வேண்டும். மிகை விறைப்பாயின் பிடியில் மோதி ஒருபுறம் விலகும். மிகை நெகிழ்வாயின் மறுபுறம் விலகும்.

மூங்கிலிலோ நாணலிலோ ஒரு தண்டைப்போல் மற்றொரு தண்டு இராது. கணுவின் இடைவெளி, சுவரின் தடிப்பு, முற்றிய பதம் அனைத்தும் வேறுபடும். ஆதலால் முனை எடையின் விளைவைத் தனியே பிரித்தறிவது கடினம். கலிபோர்னியாவில் 1922-இல் மரவில்லும் மர அம்பும் செய்யத் தொடங்கிய டக் ஈசுடன் 1939-இல் அலுமினியக் குழலுக்கு மாறியதன் வரலாற்று முக்கியத்துவம் இங்குதான் உள்ளது. 1941-இல் இலாரி இயூசு அலுமினிய அம்புகளால் அமெரிக்கத் தேசியப் போட்டியில் வென்றார். 1946-இல் வணிகக்குறியுடன் கூடிய அம்புக்குழல்கள் சந்தைக்கு வந்தன. குழலின்மீது பொறிக்கப்படும் நான்கு இலக்க எண்ணே அதன் இயல்பைச் சொல்லிவிடும். 2016 எனில் வெளிவிட்டம் அங்குலத்தின் 64-இல் 20 பங்கு; சுவர்த் தடிப்பு ஆயிரத்தில் 16 பங்கு. அதாவது 7.94 மில்லிமீட்டர் விட்டம், ஏறத்தாழ 0.41 மில்லிமீட்டர் சுவர்.

அலுமினியக் கலவைகளின் மீட்சிக்கெழு ஏறக்குறைய ஒன்றே, 69 கிகாபாசுகல் அளவினது. எனவே விட்டமும் சுவரும் தெரிந்தால் விறைப்பைக் கணக்கிடலாம். 28 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மேல் குழலைக் கிடத்தி நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் 2016 குழல் 13.6 மில்லிமீட்டர் தாழும். தண்டு மாறாமல் நிற்க, முனையை மட்டும் மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு வில்வரலாற்றில் அப்போதுதான் முழுமையாகக் கிட்டியது.

கணக்கு

75 சென்டிமீட்டர் நீளமுள்ள அத்தகைய குழலின் எடை ஏறத்தாழ 20 கிராம். இறகும் குதையும் சேர்ந்து 2.5 கிராம் எனக் கொள்ளலாம். வழக்கமான 125 கிரெய்ன் முனை 8 கிராம். இவ்வம்பின் எடைமையம் முனையிலிருந்து சுமார் 30.5 சென்டிமீட்டரில் விழும். நடுப்புள்ளியிலிருந்து முன்னோக்கி 7 சென்டிமீட்டர், அதாவது நீளத்தில் 9 விழுக்காடு. இதனை முன்பாரம் எனலாம். முனையை 16 கிராமாக இரட்டித்தால் மொத்த எடை 31 கிராமிலிருந்து 39 கிராமாகும். முன்பாரம் 18 விழுக்காட்டை எட்டும்.

இதனால் மூன்று விளைவுகள் ஒருங்கே நிகழ்கின்றன. எடைமையம் முன்னேறுவதால் பின்னிருக்கும் இறகின் நெம்புகை நீள்கிறது. அம்பு விரைவில் நிலைபெறுகிறது. வில்லின் கைகளை இயக்கச் செலவாகும் ஆற்றலைக் கிளாப்சுடெக் வகுத்த 'மெய்ந்நிகர் நிறை' முறைப்படி 10 கிராம் எனக் கொண்டால், அதே வில்லில் அம்பின் வேகம் 9 விழுக்காடு குறைகிறது. ஆனால் உந்தம் 15 விழுக்காடு கூடுகிறது. மூன்றாவது விளைவே நுட்பமானது. நாண் பின்னாலிருந்து தள்ளும்போது கனத்த முனை அசைய மறுப்பதால், இடையில் அகப்பட்ட தண்டு முன்னினும் மிகுதியாக வளைகிறது. தாங்கியின்மேல் அளந்த விறைப்பு மாறவில்லை. எய்யும்போதைய விறைப்போ தளர்ந்துவிட்டது.

ஆகவே முனை எடையைக் கூட்டுபவர் தண்டையும் மாற்றியாக வேண்டும். இறகில்லா அம்பை எய்து பார்ப்பது இன்றைய சோதனை முறை. வலக்கை வில்லாளருக்கு அது இறகுள்ள அம்புகளுக்கு வலப்புறம் விழுந்தால் தண்டு தளர்வு. இடப்புறம் விழுந்தால் விறைப்பு மிகுதி. தளர்வாயின் குழலைச் சிறிது வெட்டுவர், அல்லது தடித்த குழலைத் தேர்வர். வளைவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால் 75 சென்டிமீட்டரை 70 ஆக்கினாலே அது 19 விழுக்காடு குறையும். நடுவில் வெட்டுவாய் உள்ள நவீன வில்லைவிட, தடித்த பிடியைச் சுற்றி அம்பு வளைந்தாக வேண்டிய மரபுவில்லில் இச்சீரமைப்பு மேலும் இன்றியமையாதது. விரலுறைத் தோலின் தடிப்பும் நாண் விரலிலிருந்து நழுவும் பக்கவிலக்கத்தை மாற்றுவதால் இக்கணக்கில் சேர்கிறது.

மீண்டும் இரும்பு முனைக்கு

மேற்கண்ட அளவுகளை வைத்துக்கொண்டு எடுத்துக்காட்டாக ஒரு காம்புடைய இலைவடிவ முனையைக் கற்பித்துக்கொள்ளலாம். அலகு 6 சென்டிமீட்டர் நீளம், 1.5 சென்டிமீட்டர் அகலம், சராசரி 2 மில்லிமீட்டர் தடிப்பு. காம்பு 4 சென்டிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் சதுரக் குறுக்குவெட்டு. அலகின் கனஅளவு 1.2 கன சென்டிமீட்டர், காம்பினது 0.64. இரும்பின் அடர்த்தி 7.87 எனக் கொள்ள, மொத்த எடை 14.5 கிராம். இது பெருத்த முனையன்று. ஆயினும் இன்றைய இலக்கு வில்லாளர் 'மிகை எடை' என்று கருதும் எல்லைக்குள் அது இயல்பாகவே வந்துவிடுகிறது. இன்று சிறப்பு முயற்சியாகச் செய்யப்படுவது இரும்பு முனைக் காலத்தில் தொடக்க நிலையாகவே இருந்தது.

அப்படியாயின் மெல்லிய நாணல் தண்டு இம்முனையைத் தாங்கியிருக்க முடியுமா என்பது வினா. விடை காம்பிலேயே இருக்கிறது. தண்டின் முன்புறத் துளைக்குள் நுழைந்து, அரக்கால் பற்றவைக்கப்பட்டு, நரம்பாலோ நூலாலோ இறுகச் சுற்றப்படும் காம்பு, எடையைக் கூட்டும் அதே வேளையில் வளையத்தக்க நீளத்தைக் குறைக்கிறது. 75 சென்டிமீட்டர்த் தண்டில் 4 சென்டிமீட்டர் விறைத்துப்போனால், எஞ்சிய 71 சென்டிமீட்டரே முழுமையாக வளையும். மும்மடி விதிப்படி இது சிறிய மாற்றமன்று. குழலை வெட்டிச் சீரமைக்கும் இன்றைய வில்லாளர் நாடும் விளைவும் இதுவே. காம்பின் நீளம் வெறும் பிணைப்புக்கானதென்று கொள்ளப்படுவது வழக்கம். அது சீரமைப்புக் கூறாகவும் செயல்பட்டிருக்கக் கூடும். நீண்ட காம்பும் கனத்த அலகும் ஒன்றாகவே அமைகின்றனவா என்று முனைத் தொகுதிகளில் சோதித்தால் இக்கருதுகோள் நிற்கும் அல்லது வீழும்.

மறுதலையாக, தண்டின் அளவு தெரிந்து முனை தெரியாத சான்றும் உண்டு. நியார்க்கசு கூறியதாக அர்ரியன் எழுதிவைத்த இந்திய வில்லாளர் குறிப்பு அத்தகையது. ஆளின் உயரமுள்ள வில். அதனைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்தி இழுப்பர். அம்பு மூன்று முழத்துக்குச் சற்றுக் குறைவு. கேடயமும் மார்புக்கவசமும் அதனைத் தடுக்கமாட்டா. முழத்தை 45 சென்டிமீட்டராகக் கொண்டால் அம்பு ஏறத்தாழ 135 சென்டிமீட்டர். 75 சென்டிமீட்டர் அம்பைவிட நீளம் 1.8 மடங்கு என்பதால், ஒரே தடிப்பாயின் வளைவு 5.8 மடங்காகும். அதனை ஈடுகட்டத் தண்டு 1.55 மடங்கு தடிக்க வேண்டும். எடை நான்கு மடங்குக்கு மேல் உயரும். கவசத்தைத் துளைத்ததாகச் சொல்லப்படுவது கிரேக்கரின் வியப்புரை என்று ஒதுக்கத் தேவையில்லை. நீளமே அந்த எடையை வற்புறுத்துகிறது. இக்குறிப்பு வடமேற்கு இந்தியாவைப் பற்றியது என்பதால் தமிழகத்துக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. ஆனால் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்பைக் கணித்தறியும் முறை எங்கும் செல்லும்.

அர்த்தசாத்திரம் மூங்கில், நாணல் முதலியவற்றாலான அம்புகளோடு முழு இரும்பாலான நாராசத்தையும் எண்ணுகிறது; வெட்டுவதற்கும் துளைப்பதற்கும் அடிப்பதற்கும் இரும்பு, எலும்பு, மரம் ஆகியவற்றால் முனை அமைவதையும் சொல்கிறது. முனையின் பொருள் மாறும்போது எடை மாறும், எடை மாறும்போது தண்டு மாற வேண்டும். புறநானூறு 152-ஆம் பாடலில் வன்பரணர் காட்டும் வல்வில் வேட்டத்தில் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஊடுருவிச் செல்கிறது. புலவரின் மிகை இதில் வெளிப்படை. எனினும் அங்குப் புகழப்படும் பண்பு தொலைவோ குறியோ மட்டுமன்று, ஊடுருவல் என்பது கவனிக்கத்தக்கது. கனத்த முனையைப் போற்றிய ஒரு வேட்டைப் பண்பாட்டின் சுவடாக இதனைக் கொள்ளலாம்.

முறையின் எல்லைகள்

அலுமினியம் மூங்கிலன்று. அலுமினியக் குழல் எங்கும் ஒரே விறைப்புடையது. மூங்கிலும் நாணலும் அடியிலிருந்து நுனிக்குச் சிறுத்துச் செல்பவை. அடிப்பக்கத்தை முனைக்கு வைத்தால் முன்பாரம் தானே கூடும். தாவர நார் அதிர்வை உலோகத்தைவிட விரைவில் தணிக்கும். மேலும், முனையின் எடையிலிருந்து தண்டின் விறைப்பு எல்லையைக் கணிக்க முடியுமேயன்றி, வில்லின் இழுவிசையைத் தனி எண்ணாகப் பெற முடியாது. இழுப்பு நீளம், பிடியின் தடிப்பு, விரல்பிடி முறை ஆகியன அறியப்படாதவரை அது ஒரு வீச்சாகவே அமையும். ஆமையூரில் வீழ்ந்த வீரனைத் தைத்த அம்பு இத்தனை கிராம் என்று எவரும் கூற இயலாது.

கூற இயல்வது, அவ்வட்டார முனைத் தொகுதிகள் ஒரு தண்டுவகைக்குரியனவா, பலவகைக்குரியனவா என்பதை. எடைகள் ஒரு குறுகிய வீச்சில் குவிந்தால், அளவொப்பிய அம்புகளைத் தொகுதியாகச் செய்த கொல்லரையும் அம்பு செய்வோரையும் கருதலாம். பரவிக் கிடந்தால், ஒவ்வொரு வில்லாளனும் தன் வில்லுக்கேற்பச் சீரமைத்துக்கொண்டான் என்னும் முடிவுக்கு வலுச்சேரும். முன்னது படைக்கான உற்பத்தி. பின்னது வேட்டைக்கும் நிரைமீட்புக்குமான தனியார் உடைமை. தொறுப்பூசலில் பட்டவர் மன்னரின் முழுநேரப் படைஞரா, ஊரைக் காத்த வேளாண், ஆயர்குடி இளைஞரா என்னும் நெடுநாள் விவாதத்துக்கு எழுத்தைச் சாராத ஒரு சான்று இதனால் கிட்டும்.

துருவின் சிக்கல் கடக்க இயலாததன்று. கதிர்ப்படத்தில் துருப்படலத்துக்கு உள்ளே எஞ்சிய உலோகக் கருவும், பல நேரங்களில் மூலப் பரப்பின் எல்லையும் புலப்படும். அவ்வெல்லையிலிருந்து கனஅளவையும், கனஅளவிலிருந்து மூல எடையையும் பெறலாம். எனவே முனை ஒன்றுக்கு அலகின் நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றோடு காம்பின் நீளமும் அதன் அடி, நடு, நுனி ஆகிய மூன்று இடங்களில் விட்டமும், இன்றைய எடையும் கணித்த மூல எடையும் பதியப்பட வேண்டும். காம்பின் துருவில் சில வேளைகளில் தண்டின் நார்த்தடம் கனிமமாகிப் படிந்திருக்கும். தூய்மைப்படுத்தும்போது முதலில் சுரண்டப்படுவதும் அத்தடமே. அது காக்கப்பட்டால் தண்டு மூங்கிலா, நாணலா, கட்டைமரமா என்பதையும் உட்துளையின் விட்டத்தையும் அம்முனையிலிருந்தே படிக்கலாம்.